மேலிருந்து பார்த்த வேடியப்பன்

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது சர்வேயர் லூர்து மேரியின் அலுவலகம். புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் படிகளில் ஏறி வந்த மனிதர், உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டிருந்தார்.

“மேடம், ஒரு சாமிக்கல்லு காணாமப் போச்சு. நான்தான் ஆள் வெச்சுத் தூக்கிட்டேன்னு ஒரு ஊரே சொல்லுது. நாளைக்குக் காலைல போலீஸ்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போறாங்க.”

கணினியில் ஒரு மனைப்பிரிவு வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சகாய பிரவீன் சட்டென்று நாற்காலியைத் திருப்பினான். ஆறு வருடமாக லூர்து மேரியிடம் வரைபடம் போடுகிறவன். எல்லைத் தகராறு அளக்கப் போன இடங்களில் அவர் வேறு சில முடிச்சுகளையும் அவிழ்த்திருந்தார். அந்தப் பேர் பரவி, மாதத்துக்கு ஒருவராவது இப்படிப் படியேறினார்கள். மனைப்பிரிவு எங்கேயும் ஓடிவிடாது என்று பிரவீன் கோப்பை மூடினான்.

“உக்காருங்க சார். மொதல்லேருந்து சொல்லுங்க” என்றார் லூர்து மேரி. ஐம்பது வயது, நெற்றியில் தொப்பி போட்டுப் போட்டு வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு. பேச்சு எப்போதும் ஒரே நிதானம்.

வந்தவர் பெயர் தென்னரசு. விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டு ஏரி, குன்று, பழைய மண்டபம், கேட்பாரற்றுக் கிடக்கும் கோயில் என்று படம் எடுப்பார். எடுத்ததை ‘பறவைப் பார்வையில் விழுப்புரம்’ என்ற முகநூல் பக்கத்தில் பகிர்வார். பதினெட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள்.

“மூணு வாரத்துக்கு முன்னாடி கண்டாச்சிபுரத்துக்கு அந்தாண்ட கல்லேரிப்பட்டுல இத எடுத்தேன்” என்று மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

பிரவீன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். உருண்டைப் பாறைகள் அடுக்கிய குன்று. அதன் காலடியில் ஏரி. ஏரிக்கரைச் சாலையை ஒட்டிப் பச்சைப் பசேலென்று மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கழனி. கழனிக்கு நட்ட நடுவில் மஞ்சள் பூசிய ஒற்றைக் கல், நீள நிழலோடு நின்றது. அடுத்த படம் தரையிலிருந்து எடுத்தது. பலகைக் கல்லில் ஒரு வேடன், இடது கையில் வில், வலது கையில் அம்பு. முழங்காலுக்குக் கீழே மண் மூடியிருந்தது.

“வேடியப்பன்னு கும்பிடுறாங்க. ஐந்நூறு வருசமாவது இருக்கும்னு ஒரு கல்வெட்டு வாத்தியார் சொன்னார்.”

“எடம் எதுன்னு போட்டீங்களா?”

“போடவே மாட்டேன் மேடம். கண்டாச்சிபுரம் பக்கம்னு மட்டும்தான் எழுதினேன். ஆனா ரெண்டே நாள்ல ‘மண்ணின் மகள்’னு ஒரு ஐடி கமெண்ட்ல மேப்பே போட்டுடுச்சு.” அவர் அதையும் காட்டினார். வரைபட இணைப்போடு ஒரு வரி: ‘ஏரிக்கரை வழியாக வாங்க, புது சிமெண்ட் ரோடு, கார் நேராக உள்ளேயே வரும்.’ முகப்புப் படமாக ஒரு செம்பருத்திப் பூ.

அதன்பிறகு கூட்டம் வர ஆரம்பித்திருக்கிறது. போன ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தென்னரசு மறுபடி போய் அதே இடத்தில் ட்ரோனை ஏற்றினார். அப்போது கல் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பார்க்க வந்த நான்கு பேர் கல் இல்லாததைப் பார்த்து ஊருக்குள் போய்ச் சொன்னார்கள். விஷயம் தெரிந்து தென்னரசு ஓடினார். ட்ரோனைப் பிடுங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

“திருட வழி பாத்துக் குடுத்ததே நான்தானாம். கேஸ் ஆச்சுன்னா வேலை போயிடும். அதுகூடப் பரவால்ல மேடம், என் படத்தப் பாத்துட்டு யாராவது எடுத்திருந்தா, நான்தான காரணம்?”

பிரவீன் இதற்குள் கருத்துகளைக் கடைசிவரை உருட்டிவிட்டான். “மேடம், இங்க பாருங்க. விருத்தாசலம்னு ஒருத்தர். வானூர் பக்கம் பழைய தூண், கதவெல்லாம் விக்கிற கடை. ‘விலை என்ன? பெரிய சைஸ் வேண்டும்’னு கேட்டிருக்காரு.”

“நம்பர் இருக்கா?”

பிரவீன் அழைத்தான். கல் காணாமல் போன விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனை எப்போது என்று இரண்டு முறை கேட்டது. பிறகு, “நான் இன்னிக்கு விழுப்புரத்துலதான் இருக்கேன். நானே வர்றேன்” என்றது குரல்.

“கூப்பிடாமயே வர்றேங்கறான் மேடம்” என்று பிரவீன் போனை மூடினான். பாதி வழக்கு முடிந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

லூர்து மேரி கார்ச் சாவியை எடுத்தார். “ஞாயித்துக்கெழம படம் லேப்டாப்ல இருக்குல்ல சார்? நாலு மணிக்குள்ள போயிடணும்.”

விழுப்புரத்தில் சாப்பிட்டுவிட்டு அவர்கள் கல்லேரிப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. ஊராட்சித் தலைவர் சங்கவி அலுவலக வாசலிலேயே நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், துடிப்பான பெண். தென்னரசைப் பார்த்ததும் முகம் இறுகினாலும், லூர்து மேரியிடம் மரியாதையாகவே பேசினார்.

“ஈசியா வந்துட்டீங்களா மேடம்? ரோடு இப்பதான் போட்டோம். கார் நேரா உள்ளயே வரும்.”

“நல்லா இருந்துச்சு. உங்க சாமி எப்படி இருப்பார்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“வில்லும் அம்புமா நிப்பாரு.”

“கூட நாய், குதிரை எதாவது?”

“அதெல்லாம் கெடையாதுங்க. முட்டிக்குக் கீழ இன்னா இருக்குதுன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தோண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு.”

தென்னரசு ட்ரோனை ஏற்ற வேண்டும், ஊராரே கூட நின்று பார்க்கலாம் என்றார் லூர்து மேரி. சங்கவி தயங்கிவிட்டு அலமாரியைத் திறந்தார்.

கழனி தாண்டவராயனுடையது. ஒன்றரைக் காணி. அறுபது வயதுக்காரர், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகை அருகே நின்றார். பக்கத்தில் மனைவி கிருஷ்ணவேணி. கல் நின்ற இடத்துக்கு லூர்து மேரி செடிகளை மிதிக்காமல் நடந்து போனார். பிரவீன் பின்னால் போனான். குழியைக் காணோம். மண்ணைத் தள்ளி, மிதித்து, சமமாக மூடியிருந்தது. சுற்றியிருந்த மல்லாட்டைச் செடியில் புதிதாக ஒரு கிளைகூட ஒடியவில்லை. கல் நின்ற இடத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டடி அகல வாய்க்கால் ஒன்று மோட்டார் கொட்டகைவரை நேராக ஓடியது. அதில் இன்னும் சேறு உலரவில்லை.

“எப்ப தண்ணி கட்டினீங்க?” என்று திரும்பி வந்து கேட்டார் லூர்து மேரி.

“சனிக்கெழமைங்க” என்றார் தாண்டவராயன். “அப்புறம் திங்கக்கெழம மத்தியானம் கொஞ்சம்.”

“ஊர்ல யாரும் எதுவும் பாக்கலையா?”

“திங்கக்கெழம ஊரே ஏரியோட அந்தாண்டக் கோடியில நூறு நாள் வேலைக்குப் போயிருந்துச்சுங்க. எந்தத் திருட்டுப் பையன் வந்தானோ, எப்ப வந்தானோ.”

கிருஷ்ணவேணி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. “கல்யாணம் ஆயி வந்த நாள்லேருந்து அவருக்குத்தாங்க மொத காய் படைப்பேன். வில்லு புடிச்சிக்கினு, காலாண்ட நாய நிக்கவெச்சுக்கினு, பாக்கவே அவ்ளோ லட்சணமா இருப்பாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிரவீன் மடிக்கணினியோடு, கொட்டகையை ஒட்டியிருந்த வைக்கோல் போரின் நிழலில் உட்காரப் போனான். “அங்க வேணாம் தம்பி, பூச்சி பொட்டு இருக்கும். கொட்டாயில உக்காருங்க” என்றாள் அவள். அவனும் எழுந்து போனான்.

சரியாக நான்கு மணிக்குத் தென்னரசு, ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்று, அதே உயரத்துக்கு ட்ரோனை ஏற்றினார். பிரவீன் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாறை, மின்கம்பம், கொட்டகைக் கூரை மூன்றையும் பொருத்தினான். மனைப்பிரிவுக்குத் தினமும் செய்கிற வேலைதான். ஒரு விசையைத் தட்டினால் ஞாயிறு. இன்னொன்றைத் தட்டினால் புதன்.

“பாருங்க மேடம், ரோட்டுலேருந்து கல்லுவரைக்கும் வெளுப்பா ஒரு தடம். அப்படியே வண்டிய எறக்கி ஏத்திக்கினு போயிருக்கான். விருத்தாசலம் லாரியேதான்.”

“வண்டித் தடம்னா ரெண்டு கோடு இருக்கும் பிரவீன். இது ஒத்தக் கோடு. ஞாயித்துக்கெழம படத்துலயும் இருக்கா?”

அவன் தட்டிப் பார்த்தான். இருந்தது. அப்படியே அதே அகலத்தில். அவன் முகம் சற்று வாடியது.

“வேற என்ன மாறியிருக்கு?”

“கல்லு இல்ல. வாய்க்கால் ஈரம். வேற ஒண்ணும் இல்ல மேடம்.”

லூர்து மேரி அவன் தோளுக்கு மேல் குனிந்து திரையின் ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். “இத ரெண்டுலயும் அளந்து சொல்லு.”

பிரவீன் அளந்தான். மறுபடி அளந்தான். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தான். அவர் உதட்டில் விரலை வைத்துவிட்டு, “எல்லாரையும் வரச் சொல்லு” என்றார்.

ஐந்து மணி வெயிலில் மோட்டார் கொட்டகை முன்னால் கூடினார்கள். சங்கவி, தாண்டவராயன், கிருஷ்ணவேணி, தென்னரசு, ஊரார் பத்துப் பேர். விருத்தாசலமும் ஒரு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வழுக்கைத் தலையும் வியர்வையுமாக இருந்த அவரிடம்தான் லூர்து மேரி முதலில் பேசினார்.

“விலை என்னன்னு கேட்டிருந்தீங்களே சார், எதுக்கு?”

“போட்டோவுக்கும்மா” என்றார் விருத்தாசலம். “கடைச் சுவத்துல பெருசா ஃபிரேம் போட்டு மாட்டலாம்னு. சாமிக்கல்ல வெல பேசற ஆளுன்னு நெனச்சுடப் போறாங்கன்னு பயந்துதான் ஓடியாந்தேன். எனக்கு இன்னா பேஜாரு பாருங்க.”

இரண்டொருவர் சிரித்தார்கள். பிரவீன் தரையைப் பார்த்தான்.

“கல்லு இந்தக் கழனியிலேருந்து போக ரெண்டே வழி” என்று தொடங்கினார் லூர்து மேரி. “ஒண்ணு ரோட்டுப் பக்கம். பூமி சனிக்கெழமைலேருந்து ஈரம். மண்ணுக்குள்ள இருக்கிறதோட சேத்துக் கல்லு இருநூறு கிலோவுக்குக் கொறையாது. அஞ்சாறு பேர் தூக்கினாலும் சரி, வண்டி வந்தாலும் சரி, செடி நாசமாயிருக்கணும். ஞாயித்துக்கெழம இருந்த நடைபாதைதான் இன்னிக்கும் இருக்கு. ஒரு சாண் கூட அகலமாகல. அதனால அந்தப் பக்கம் போகல.”

சங்கவி சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொண்ணு இந்த வாய்க்கால். சேத்துல ஒரு பலகையப் போட்டு, கல்ல அது மேல சாய்ச்சு இழுத்தா, ஒத்த மாடு போதும். அப்புறம் மோட்டாரப் போட்டுவிட்டா தடமும் இருக்காது. சனிக்கெழம பாய்ச்சின கழனிக்குத் திங்கக்கெழம எதுக்குத் தண்ணி?”

தாண்டவராயன் தலைப்பாகைத் துணியை இறுக்கிப் பிடித்தார்.

“எடுத்தவங்க குழிய அழகா மூடியிருக்காங்க. புதுசா ஒரு செடியக் கூட ஒடிக்கல. திருடனுக்கு மல்லாட்டை மேல அவ்வளவு அக்கறை இருக்காது. அப்புறம், முட்டிக்குக் கீழ இன்னா இருக்குன்னு ஊர்ல யாருக்கும் தெரியாதுன்னு தலைவர் சொன்னாங்க. ஆனா இன்னிக்கு ஒருத்தங்க, சாமி காலாண்ட நாய் நிக்குதுன்னு எங்கிட்ட சொன்னாங்க. மண்ணுலேருந்து வெளிய எடுத்துப் பாத்திருந்தாதான் அது தெரியும்.”

கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிரவீனுக்கு அப்போதுதான் மோர்ச் சொம்பு நினைவுக்கு வந்தது. அவனும் பக்கத்திலேயேதான் நின்றிருந்தான். காதில் விழுந்தும் இருந்தது.

“கடைசியா, வைக்கோல் போர். சொல்லு பிரவீன்.”

“ஞாயித்துக்கெழம அஞ்சு மீட்டர் நீளம்” என்றான் பிரவீன். “இன்னிக்கு ஏழு.”

“மாடு தின்னா போர் சின்னதாத்தான் ஆகும். இது மூணு நாள்ல வளந்திருக்கு. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. அவங்களே சொல்லட்டும்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தாண்டவராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு முன்னால் வந்து நின்றாள் கிருஷ்ணவேணி.

“நான்தாங்க சொன்னேன், அவரு வேணாம்னுதான் சொன்னாரு. ஞாயித்துக்கெழம ஆனா நாப்பது பேரு வர்றாங்க. பூ வெச்சு, காய் புடிக்க மண்ணுல விழுது எறங்குற செடிய மிதிச்சிக்கினு போயி நிக்கிறாங்க, உக்கார்றாங்க, போட்டோ புடிக்கிறாங்க. போவாதீங்கன்னு சொன்னா, சாமி உங்க வூட்டு சாமியான்னு கேக்குறாங்க. முள்ளு வெட்டிப் போட்டோம், தூக்கி எறிஞ்சுட்டுப் போனாங்க. பங்குனியில காய் புடுங்கினதும் அதே எடத்துல நட்டுடலாம்னு சாமிகிட்ட கேட்டுக்கினுதான் எடுத்தோம்.” அவள் தென்னரசின் பக்கம் திரும்பினாள். “உங்க தலையில விழும்னு சத்தியமா நெனைக்கல சார். ஊரு கூடினதும் வாயத் தொறக்க தைரியம் வரல. மூணு நாளா சோறு எறங்கல.”

தென்னரசு தன் மடிக்கணினியில் தெரிந்த அந்த வெளுத்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேலேருந்து பாக்கறப்போ இத நான் அழகான ஒரு கோடுன்னு நெனச்சேங்க” என்றார். “படம் எடுக்கறப்ப உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.”

“அதுக்காக ஊர் சாமிய இவங்க பாட்டுக்குத் தோண்டுறதா? கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குதில்ல” என்று கூட்டத்தில் ஒருவர் குரலை உயர்த்தினார். “தலைவரு எதாவது சொல்லணும்.”

எல்லோரும் சங்கவியைப் பார்த்தார்கள். லூர்து மேரி சங்கவியின் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “புது சிமெண்ட் ரோடு, கார் நேரா உள்ளயே வரும்” என்றார்.

பிரவீனுக்குக் கேட்டது. சங்கவியின் முகம் சிவந்தது. சொல்லாமல் விட்டால் ஊருக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவர் நிமிர்ந்தார்.

“மேப் போட்டது நான்தான். ஊருக்குப் பேர் வரட்டும், நாலு பேர் வந்தா நாலு கடை வரும்னு போட்டேன். இவங்க ரெண்டு வாட்டி எங்கிட்ட வந்து சொன்னாங்க. நான் காதுல வாங்கல. கட்டுப்பாட்ட மீறினதுக்கு அபராதம்னா மொதல்ல எனக்குப் போடுங்க.” குரலை உயர்த்தினவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு பின்னால் நகர்ந்தார். “தென்னரசு சார், உங்க மேல தப்பா பழி போட்டுட்டோம். மன்னிச்சுக்குங்க.”

ஆண்கள் ஆறேழு பேர் வைக்கோலை விலக்கினார்கள். பழைய கதவுப் பலகை ஒன்றின் மேல், மாற்றுப் புடவை சுற்றிப் படுத்திருந்தது கல். கிருஷ்ணவேணி புடவையை விலக்கினாள். வேடனின் வலது காலை உரசிக்கொண்டு, கழுத்தில் மணி கட்டிய நாய் ஒன்று தலையைத் தூக்கி எசமானின் முகத்தைப் பார்த்தது. மண்ணுக்குள் இருந்ததால் உளியின் கோடுகள்கூட மழுங்கவில்லை. கூட்டம் நெருக்கியடித்தது. ஒருவர் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள்.

பேச்சு அதிக நேரம் நீளவில்லை. சாலையோரப் புங்க மரத்தடியில், கழனிக்கு வெளியே கல்லை நட்டுவிடுவது, வெள்ளிக்கிழமை பூசை, இந்த முறை நாயும் தெரியும்படி நடுவது. தாண்டவராயன், “எங்க நெலத்தில ரெண்டு அடி விட்டுத் தர்றேன், நிக்கிறவங்க தாராளமா நிக்கட்டும்” என்றார். சங்கவி அங்கேயே போனை எடுத்து அந்தக் கருத்தை அழித்தார். பெரிய படம் ஒன்றுக்கு விருத்தாசலம் மறுபடி விலை கேட்டார். கழனிக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் தருவேன் என்றார் தென்னரசு. தாண்டவராயன் வெட்கத்தோடு தலையை ஆட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகும் வெளிச்சம் மிச்சமிருந்தது. தென்னரசு ட்ரோனின் இறக்கைகளை மடிக்கப் போனபோது தாண்டவராயன் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, அதுல பாட்டரி இருக்குதா?”

“இருக்குங்க. ஏன்?”

“சும்மாதான். மேலேருந்து எப்படி இருக்குதுன்னு ஒரு வாட்டி பாக்கலாமான்னு.”

ட்ரோன் முணுமுணுத்துக்கொண்டு எழுந்தது. தென்னரசு திரையை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது யாரு கழனி?”

“உங்களோடதுதாங்க.”

அவர் திரையை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு லூர்து மேரியைப் பார்த்தார். “வரப்பு இப்படி வளைஞ்சா போவுது? நாப்பது வருசமா நேரா இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கேனே.”

“நான் அளக்கப் போற எடத்துல எல்லாரும் அதத்தாங்க சொல்றாங்க” என்றார் லூர்து மேரி. அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்துப் பிரவீன் அபூர்வமாகவே பார்த்திருக்கிறான்.

கிருஷ்ணவேணி கணவரின் தோளை ஒட்டி வந்து எட்டிப் பார்த்தாள். கழனியும் கொட்டகையும் சிறுத்துக்கொண்டே போயின. ஏரி முழுசாகத் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல ஏத்து தம்பி. மலைக்கு அந்தாண்டதான் எங்க அம்மா ஊரு.”

பாறைகள் அடுக்கிய குன்று மெல்லக் கீழே இறங்கியது. அதன் பின்னால் தென்னந்தோப்பு ஒன்றும், ஓட்டுக் கூரைகளும், ஒரு சின்னக் கோபுரத்தின் நுனியும் வெளியே வந்தன.

அவள் விரலைத் திரையில் வைத்தாள். “அதோ” என்றாள்.